பாமினி, வானவில்லில் கிடக்கும் பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்குக் கொண்டுவருவது எப்படி?

#1 கரும்பலகை

6 முதல் 10-ஆம் வகுப்பு வரை பழைய வினாத்தாள்கள், சுமார் 300 வேர்ட் கோப்புகள். பாதி பாமினி, பாதி வானவில் அவ்வையார், சிலவற்றில் என்ன எழுத்துரு என்றே தெரியவில்லை. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரிகிறது. ஃபான்ட்டை விண்டோஸின் யூனிகோடு எழுத்துருவான நிர்மலாவுக்கு மாற்றினாலும் அதே கதி. அறிவியல் தாள்களில் தமிழ், ஆங்கிலம், சமன்பாடு எல்லாம் கலந்து கிடக்கின்றன. மறுபடி தட்டச்சு செய்ய ஆள் இல்லை. அரையாண்டுக்குள் முடிய வேண்டும். வழி சொல்லுங்கள்.

#2 எழுத்தாணி

முதலில் ஃபான்ட்டை மாற்றுவதை நிறுத்துங்கள். மாற்றிய கோப்பை சேவ் செய்யாமல் மூடுங்கள்.

பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிகிற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கில விசைகளாகத்தான் கிடக்கிறது. அந்த ஜே-யின் மேல் 'த' என்ற உருவத்தைப் போர்த்தியது பாமினி எழுத்துரு. நிர்மலாவில் ஜே என்றால் ஜே-தான், அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. யூனிகோடில் 'த'வுக்கென்று தனி எண் உண்டு. ஆகவே தேவை எழுத்துரு மாற்றம் இல்லை, குறியாக்க மாற்றம்.

கலப்புத் தாளில் எது தமிழ், எது ஆங்கிலம் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தந்தத் துண்டின் எழுத்துருப் பெயர். கன்ட்ரோல் ஏ போட்டு எல்லாவற்றையும் நிர்மலா ஆக்கி சேவ் செய்தால் அந்தச் சாட்சியே போய்விடும். பிறகு எந்த மாற்றி மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

'என்ன எழுத்துரு என்றே தெரியவில்லை' என்பதற்கு: கணினியில் அந்த எழுத்துரு நிறுவப்படாவிட்டாலும், கர்சரைக் குப்பைச் சொல்லின்மேல் வைத்தால் வேர்டின் ஃபான்ட் பெட்டி பழைய பெயரைத்தான் காட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

#3 கரும்பலகை

நிர்மலா ஆக்கி சேவ் ஆன கோப்புகளும் பத்துப் பதினைந்து உண்டே!

#4 எழுத்தாணி

முழுக்கத் தமிழ் என்றால் கவலை இல்லை, மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். கலப்புத் தாள்கள் கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ இருந்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழைய பதிப்பு கிடைக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கண்ணால் பிரிப்பதுதான்.

#5 குறிஞ்சிப்பாட்டு

தமிழ், சமூக அறிவியல் தாள்களுக்கான வழி. முதலில் இவற்றை முடித்துவிடுங்கள், பாதிச் சுமை குறையும்.

என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மாற்றி மென்பொருள் இலவசம். இணையத்தில் ஒட்டி மாற்றும் பக்கங்களும் நிறைய உண்டு. கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, நகலில் கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, மாற்றியின் மேல் பெட்டியில் ஒட்டு, மூலக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடு, மாற்று, வெற்று வேர்ட் கோப்பில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' முறையில் ஒட்டு. சாதாரணமாக ஒட்டினால் பழைய எழுத்துருப் பெயரும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குறியாக்கத்தைத் தவறாகத் தேர்வதுதான் அடிக்கடி நடக்கிற பிசகு. ஃபான்ட் பெயர் வானவில் என்று தொடங்கினால் வானவில். டாப், டாம் என்று தொடங்கினால் அந்தந்தக் குறியாக்கம், அவை 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்தவை. திஸ்கி, ஸ்ரீலிபி என்ற பழைய குறியாக்கங்களும் வேறு வேறு. ஒன்றின் வரைபடம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. முழுக் கோப்பையும் போடுமுன் நாலு வரி போட்டுப் பாருங்கள். அந்த நாலு வரியில் ஒகரம், ஐகாரம், ஊகாரம், கிரந்தம் நான்கும் இருக்கட்டும்: 'தொழிற்சாலை', 'பூங்கா', 'ஜூன்', 'ஸ்ரீரங்கம்' மாதிரி. இவை நேராக வந்தால் மற்றவையும் வரும்.

ஒகரத்தை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், பழைய எழுத்துருக்களில் 'தொ' என்பது கொம்பு, த, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கிடக்கும். யூனிகோடில் முதலில் த, பிறகு ஒகரக் குறி. இடம் மாற்றாத அரைகுறை மாற்றிகள் 'ெதா' என்று கக்கும். அப்படி வந்தால் அந்த மாற்றியைக் கைவிட்டுவிடுங்கள், திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம்.

#6 சோதனைக்குழாய்

அறிவியல் தாளுக்கு மேலே சொன்னது உதவாது. மாற்றிக்கு ஆங்கிலம் தெரியாது. 'ஆக்சிஜன்' பக்கத்தில் அதன் ஆங்கிலப் பெயர் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். கூட்டல், சமம், பெரிது சிறிது குறிகள் இருக்கும் விசைகளிலும் பாமினியில் தமிழ்த் துண்டுகளோ வேறு குறிகளோ உட்கார்ந்திருக்கின்றன. பெரிது-குறி, மாற்றியபின் காற்புள்ளி ஆகிவிடும். கணக்குத் தாளில் இது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

செய்யும் முறை:

கன்ட்ரோல் எச். 'மோர்' அழுத்துங்கள். 'ஃபைண்ட் வாட்' பெட்டியில் எதுவும் எழுதாமல் கர்சரை மட்டும் வைத்து, கீழே ஃபார்மேட் > ஃபான்ட் > பாமினி. 'ரீப்ளேஸ் வித்' பெட்டியும் வெறுமை, அங்கே ஃபார்மேட் > ஹைலைட். 'ரீப்ளேஸ் ஆல்'. தமிழ் முழுக்க மஞ்சள் பூசிக்கொள்ளும். பூசாமல் வெள்ளையாக நிற்பவை ஆங்கிலமும் சமன்பாடும்.

வெள்ளைத் துண்டுகள் ஒவ்வொன்றையும் வெட்டி வேறு கோப்பில் வரிசையாக ஒட்டி, வெட்டிய இடத்தில் 9001, 9002, 9003 என்று எண் போடுங்கள். பாமினியில் எண்கள் எண்களாகவே இருக்கும், மாற்றி அவற்றைத் தொடாது. தாளில் வேறெங்கும் வராத எண்ணாக இருக்க வேண்டும், 1 2 3 என்று போட்டால் வினா எண்ணோடு குழம்பும். மாற்றி முடித்தபின் 9001-ஐத் தேடி அதனதன் துண்டை ஒட்டுங்கள்.

வெள்ளைத் துண்டு 40-க்கு மேல் போனால் இது லாபமில்லை. அந்தத் தாளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

#7 நகல்கடை

40-க்கு மேல் போனால் விட வேண்டியதில்லை. படமாக்கி கூகுளிடம் கொடுங்கள்.

பாமினி எழுத்துரு உள்ள ஒரு கணினியில் தாளைத் திறந்து, பக்கம் பக்கமாகப் படமாக்குங்கள். அச்சிட்ட பிரதி இருந்தால் 300 டிபிஐ-யில் ஸ்கேன் போதும். படத்தை டிரைவில் ஏற்றி, ரைட் கிளிக், ஓபன் வித், கூகுள் டாக்ஸ். படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருந்தாலும் இரண்டையும் எடுக்கும்.

கவனிக்க வேண்டியவை: ஒரு படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும், அது கூகுளே சொல்லும் அளவு. பக்கம் நேராக நிற்க வேண்டும், தலைகீழாகவோ படுக்கையாகவோ இருந்தால் தேறாது. பாமினிக் கோப்பை நேரே பிடிஎஃப் ஆக்கி அதைத் திறக்காதீர்கள். அந்த பிடிஎஃப்-க்குள் பழைய விசைக் குப்பையும் எழுத்தாகவே இருக்கும், படத்தைப் படிக்காமல் அதையே அள்ளிக்கொண்டு வர வாய்ப்புண்டு. ஜேபெக் அல்லது பிஎன்ஜி-தான் பத்திரம்.

#8 சோதனைக்குழாய்

நகல்கடை சார், அந்த வழியில் மூலக்கூறு வாய்பாட்டின் கீழ்க்குறியீடு எல்லாம் சாதாரண எண்ணாக இறங்கிவிடும். இகர ஈகாரச் சுழி மாறும். புள்ளி மங்கலாக இருந்தால் 'க்' வெறும் 'க' ஆகும். எழுத்துப்பிழையோடு வினாத்தாள் போனால் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டு வறுத்துவிடுவார்கள். மாற்றி செய்யும் பிழை ஒரே மாதிரி இருக்கும், ஒரே தடவையில் திருத்தலாம். படத்திலிருந்து எடுத்தால் பிழை இடத்துக்கு இடம் வேறுபடும், வரி விடாமல் படித்தாக வேண்டும்.

#9 நகல்கடை

ஒப்புக்கொள்கிறேன். கீழ்க்குறியீட்டுக்கு எண்ணைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + சமக்குறி. சமன்பாட்டுக்கு ஆல்ட் + சமக்குறி. சமன்பாட்டுப் பெட்டிக்குள் தமிழ் எழுதாதீர்கள், கேம்ப்ரியா மேத் எழுத்துருவில் தமிழ் கிடையாது. 'எனில்', 'ஆகவே' எல்லாம் பெட்டிக்கு வெளியே.

#10 எழுத்தாணி

மாற்றி செய்யும் பிழை ஒரே மாதிரி இருக்கும் என்றது உண்மை. அதனால் மாற்றி முடித்த ஒவ்வொரு கோப்பிலும் இந்தத் தேடல்களைப் போடுங்கள்.

தயங்காமல் 'ரீப்ளேஸ் ஆல்' போடக்கூடியவை மூன்று: 'ா்' இருந்தால் 'ர்'. 'ாி' இருந்தால் 'ரி'. 'ாீ' இருந்தால் 'ரீ'. தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டு மேலே புள்ளியோ சுழியோ வைப்பார்கள். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் 'ஆசிரியர்' என்று தேடினால் 'ஆசிாியா்' சிக்காது. காலின்மேல் புள்ளியோ சுழியோ வரும் சொல் தமிழில் இல்லை, ஆகவே துணிந்து மாற்றலாம்.

ஒருபோதும் 'ரீப்ளேஸ் ஆல்' போடக் கூடாதவை இரண்டு. 'ெள' என்பதை 'ௌ' ஆக்குவது ஒன்று. 'கெளரவம்' 'கௌரவம்' ஆகும், நல்லதுதான். கூடவே 'வெள்ளி' 'வௌ்ளி' ஆகும், 'தெளிவு' 'தௌிவு' ஆகும். 'ஒள' என்பதை 'ஔ' ஆக்குவது இன்னொன்று. ஒளவையாருக்காக அதைப் போட்டால் இயற்பியல் தாளில் உள்ள ஒளி அத்தனையும் அணைந்துவிடும். சொல்லாகத் தேடுங்கள்: கெளரவம், பெளர்ணமி, மெளனம், செளகரியம், பெளத்தம், ஒளவை. பள்ளித் தாளில் இதற்குமேல் அதிகம் வராது.

#11 வாசல்படி

அதெல்லாம் பழையது. புதிதாக அடிக்க எந்த விசைப்பலகை? எங்கள் தமிழாசிரியர் பாமினியில்தான் விரல் ஓடும் என்கிறார்.

#12 குறிஞ்சிப்பாட்டு

அவர் விரலை மாற்ற வேண்டாம். விசை அமைப்பு வேறு, குறியாக்கம் வேறு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள்களில் பாமினி அமைப்பு, பழைய தட்டச்சு அமைப்பு இரண்டும் உண்டு. விரல் பழைய இடத்திலேயே ஓடும், கோப்பில் விழுவது யூனிகோடு.

புதிதாகக் கற்பவருக்குத் தமிழ்99. விண்டோஸ் 11-ல் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்: செட்டிங்ஸ் > டைம் அண்ட் லாங்குவேஜ் > லாங்குவேஜ் அண்ட் ரீஜன் > ஆட் எ லாங்குவேஜ் > தமிழ் (இந்தியா). பிறகு அந்த மொழியின் ஆப்ஷன்ஸில் 'ஆட் எ கீபோர்டு' > தமிழ்99. மாற்றிக்கொள்ள விண்டோஸ் விசை + ஸ்பேஸ்.

அதில் உயிர் எல்லாம் இடக்கை, மெய்யில் பெரும்பாலானவை வலக்கை. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே மெய்யை இரட்டித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியவற்றுக்கும் அப்படியே. புள்ளி வேண்டாத இடத்தில், உதாரணமாக 'படபட'வுக்குச் சிக்கல் இல்லை, 'காககம்' மாதிரி எதையாவது அடிக்க நேர்ந்தால் நடுவில் 'அ' தட்டினால் போதும். தனியாகப் புள்ளிக்கு எஃப் விசை.

#13 வாசல்படி

குரல் தட்டச்சு?

#14 குறிஞ்சிப்பாட்டு

கூகுள் டாக்ஸை குரோமில் திறந்து டூல்ஸ் > வாய்ஸ் டைப்பிங் > தமிழ். பத்தி படித்து ஏற்ற நல்லது. நிறுத்தற்குறியைத் தமிழில் சொன்னால் போடாது, சொல்லாகவே எழுதும். வினா எண், மதிப்பெண் எல்லாம் கையால்தான்.

#15 நகல்கடை

பக்க அமைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அச்சுக்கு வரும் தாள்களில் நூற்றுக்குத் தொண்ணூறில் மதிப்பெண் வரிசை கோணல்மாணலாக இருக்கும். காரணம், ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வலது ஓரத்துக்குத் தள்ளியிருப்பார்கள். எழுத்துரு மாறியதும் எல்லாம் நகர்ந்துவிடும்.

ஏ4 தாள் அகலம் 21 செமீ. இருபுறமும் ஓரம் 2 செமீ விட்டால் எழுத்துக்கு 17 செமீ. 17-ல் ஒரு 'ரைட் டேப்' வையுங்கள். வினா எழுதி ஒரே ஒரு டேப், மதிப்பெண். முடிந்தது. நாலு விடைகளுக்கு 1, 5, 9, 13 செமீ-யில் இடது டேப். தமிழ்ச் சொல் நீளம், பெரும்பாலும் நாலு விடை ஒரு வரியில் அடங்காது. அப்போது 1, 9 மட்டும் வைத்து வரிக்கு இரண்டாகப் போடுங்கள். இதை ஒரு தடவை அமைத்து வேர்ட் டெம்ப்ளேட்டாக சேவ் செய்துவிட்டால் எல்லா ஆசிரியருக்கும் அதையே கொடுக்கலாம்.

வரி இடைவெளி: நிர்மலா 11 புள்ளிக்கு 'எக்ஸாக்ட்லி 16'. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று 12, 13-க்கு இறக்கினால் 'கீ'யின் சுழி, 'கூ'வின் வால் வெட்டுப்படும். திரையில் பார்க்கும்போது தப்பித்து, அச்சில் மாட்டும்.

எழுத்துரு அளவு ஆங்கிலத்துக்கு மாறி, தமிழுக்கு மாறாமல் நின்றால் கன்ட்ரோல் டி போட்டுப் பாருங்கள். 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனிக் கட்டம் இருக்கும். தமிழுக்கான எழுத்துரு, அளவு இரண்டும் அங்கே.

#16 சோதனைக்குழாய்

எழுத்துரு எது போடலாம்? லதா, நிர்மலா, நோட்டோ, மருதம்?

#17 நகல்கடை

நிர்மலா விண்டோஸ் 8 முதல் எல்லாக் கணினியிலும் இருக்கும், ஆகவே அலைச்சல் இல்லை. தாளில் படிக்க இதம் என்றால் நோட்டோ செரிஃப் தமிழ். தமிழ் இணையக் கல்விக்கழகம் தருகிற மருதமும் நன்றாக இருக்கும். லதா திரையில் பரவாயில்லை, சிறிய அளவில் அச்சிட்டால் மெலிந்து தெரியும்.

எதைப் போட்டாலும் கடைக்கு வேர்ட் கோப்பு அனுப்பாதீர்கள், பிடிஎஃப் அனுப்புங்கள். வாட்ஸாப்பில் 'டாக்குமென்ட்' ஆக. பக்கத்தைப் போட்டோ பிடித்து அனுப்பினால் அது சுருக்கி, அச்சில் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாக வரும்.

#18 கரும்பலகை

எங்களுக்கு ஏ4-ஐ மடித்துப் புத்தகம் போலத்தான் வேண்டும். ஏ4-ல் செய்து ஒரு தாளுக்கு 2 பக்கம் என்று அச்சிட்டால் எழுத்து பொடிப்பொடியாகிறது.

#19 நகல்கடை

ஆகத்தான் செய்யும். ஏ4 பக்கத்தை ஏ5-க்குள் அடக்கினால் 71 விழுக்காடாகச் சுருங்கும், 11 புள்ளி எழுத்து 8-க்கும் கீழே போய்விடும். தொடக்கத்திலேயே தாள் அளவை ஏ5 ஆக்கித் தட்டச்சு செய்யுங்கள். அகலம் 14.8, ஓரம் இருபுறமும் 1.4, எழுத்துக்கு 12 செமீ. ரைட் டேப் 12-ல், விடைகளுக்கு 1, 6.5.

பிடிஎஃப் ஆக்கி, அடோபி ரீடரில் பிரின்ட் > புக்லெட். தாள் ஏ4. தானாக இருபுறமும் அச்சிடும் பொறி என்றால் 'ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்' இருக்க வேண்டும், நீள ஓரம் என்று இருந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். தானாகத் திருப்பாத பொறியில் முதலில் 'ஃப்ரன்ட் சைட் ஒன்லி', தாளைத் திருப்பி வைத்து 'பேக் சைட் ஒன்லி'. ஒரே ஒரு பிரதி போட்டு மடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள், 120 தாள் வீணாவதைவிட ஒன்று வீணாகட்டும்.

பக்கம் 4-ன் மடங்கில் முடியட்டும். 6 பக்கம் வந்தால் 2 வெற்றுப் பக்கம் நிற்கும், 4-க்குள் சுருக்கப் பாருங்கள் அல்லது படத்தைப் பெரிதாக்கி 8 ஆக்குங்கள்.

#20 வாசல்படி

கொஞ்சம் தள்ளிப் போகிறேன். மாணவர் பெயர்ப் பட்டியல் சிஎஸ்வி-யாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) இறங்குகிறது. எக்ஸெலில் திறந்தால் பெயரெல்லாம் கோணல் குறிகளாகத் தெரிகிறது. இதுவும் பாமினியா?

#21 எழுத்தாணி

இல்லை. அது யூனிகோடுதான், எக்ஸெல் வேறு குறியாக்கம் என்று நினைத்துத் திறக்கிறது. கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறக்காதீர்கள். வெற்று எக்ஸெலைத் திறந்து டேட்டா > ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி > கோப்பு, 'ஃபைல் ஆரிஜின்' பட்டியலில் 65001 யுடிஎஃப்-8. முன்னோட்டத்தில் பெயர் தமிழில் தெரிந்தபின் லோட்.

திருப்பி சேவ் செய்யும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கோணல் குறியைத் திருத்தலாம். கேள்விக்குறியாகிவிட்டதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை, உள்ளே எழுத்து மிச்சமிருக்காது.

#22 சோதனைக்குழாய்

மாற்றிய வினாக்களை கூகுள் ஃபார்மில் போடுகிறவர்களுக்கு ஒன்று. ஒரு சொல் விடையில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும். விடைக்குறிப்பில் 'மௌரியர்' என்று வைத்திருந்தால், 'மெளரியர்' என்று அடித்த பிள்ளைக்குப் பூஜ்யம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆன்சர் கீயில் இரண்டு வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள், அல்லது அந்த வினாவைப் பல்விடையாக மாற்றுங்கள்.

#23 கரும்பலகை

சமூக அறிவியல் கோப்புகளில் முயன்றேன். 'ா்' மாற்றம் ஒரு தாளிலேயே 212 இடம் என்று காட்டியது. இப்போது கோப்புறையில் 'வேதாரண்யம்' என்று தேடினால் எந்தெந்தத் தாளில் வந்திருக்கிறது என்று வருகிறது. வானவில் கோப்பு ஒன்றில் மட்டும் தலைப்பு மாறவே இல்லை, உள்ளே எல்லாம் மாறிவிட்டது.

#24 எழுத்தாணி

தலைப்பு டெக்ஸ்ட் பாக்ஸிலோ ஹெடரிலோ இருக்கும். கன்ட்ரோல் ஏ அவற்றைத் தொடாது. தனித்தனியாகச் சொடுக்கி நகலெடுக்க வேண்டும். வேர்ட்ஆர்ட் என்றால் ரைட் கிளிக், எடிட் டெக்ஸ்ட். அது படமாகவே ஒட்டியிருந்தால் மறுபடி அடித்துவிடுங்கள், ஒரு வரிதானே.